நல்லா இருக்கு மதினி

என் கல்யாணப் பத்திரிகையை நானேதான் வடிவமைத்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், திண்டுக்கல்லில் ஒரு மணப்பெண் தன் பத்திரிகைக்குத் தானே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள் என்பது சொந்தக்காரர்கள் மத்தியில் ஒரு செய்தியாகவே இருந்தது. மதுரையில் டிசைன் படித்துவிட்டு வந்திருந்த புதுச் சூடு எனக்கு. ரோஸ் நிற அட்டை, ஓரமெல்லாம் பொன்னிறக் கொடி. மேலே இரண்டு வெள்ளைப் புறாக்கள், அவற்றின் அலகில் ரிப்பன், ரிப்பனின் நுனியில் மோதிரங்கள், கீழே திராட்சைக் குலையும் கோதுமைக் கதிரும், எல்லாவற்றுக்கும் பின்னால் தண்ணீரில் கரைந்தாற்போல ஒரு பெரிய இதயம். கம்ப்யூட்டரில் இருந்த தமிழ் எழுத்து வகைகளில் ஒன்றின் மனமும் நோகக்கூடாது என்று ஆளுக்கு ஒரு வரி கொடுத்திருந்தேன். என் அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அச்சடித்து வந்த கட்டுகளை நான் தடவித் தடவிப் பார்த்தேன்.

கல்யாணத்துக்கு மறுநாள் மாமனார் வீட்டுக் கூடத்தில் விருந்து முடிந்த சோம்பலில் எல்லோரும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் பட்டுப்புடவையில் மடங்கி உட்கார்ந்திருந்தேன். என் கணவரின் தங்கை, அதாவது என் நாத்தனார், அலமாரிமேல் கிடந்த பத்திரிகையை எடுத்தாள். கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு கண்ணுக்கு அருகில் கொண்டுவந்தாள். "இத யாரு மதினி போட்டது?" என்று கேட்டாள். புகழ்ச்சி வரப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டு "நான்தான்" என்றேன். "எல்லாம் இருக்கு மதினி. கல்யாணம் என்னைக்குங்கறதத்தான் தேட வேண்டியிருக்கு" என்றாள். கூடமே சிரித்தது. எரியோட்டிலிருந்து வந்திருந்த பெரியப்பா ஒருவர், "அட ஆமாத்தா, நானும் ஒன் அப்பாவுக்குப் போன் போட்டுல்ல தேதியக் கேட்டுக்கிட்டேன்" என்று சேர்ந்துகொண்டார். எழுந்து உள்ளே போய்விடலாம் என்றால், புதுப் பெண்ணுக்கு அதற்கும் உரிமை கிடையாது. காது மடல் வரை சூடேறி, புடவைக் கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. தேதி எங்கே இருந்திருக்கலாம் என்று அட்டையில் விரலால் இடம் தேடிக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அவள் என்னைவிட மூன்று வயது இளையவள். அப்போதுதான் கல்லூரி முடித்திருந்தாள். படம் வரையத் தெரியாது. அவள் போடும் கோலம்கூடக் கோணிக்கொண்டு போகும். டிசைன் என்ற சொல்லையே அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ஆனால் அச்சடித்த எதையும் சும்மா பார்க்க அவளால் முடியாது. மளிகைக் கடையில் தொங்கும் பாக்கெட்டைப் பார்த்தால் நின்றுவிடுவாள். பஸ் ஸ்டாண்டில் சுவரொட்டியைப் பார்த்து, "பாக்கியராசு கடைக்குப் போற அம்பு வடக்கயும் காட்டுது, தெக்கயும் காட்டுது" என்பாள். எங்கள் ஊரில் பூட்டுக் கடையானாலும் பிரியாணிக் கடையானாலும் எதை அச்சடித்தாலும் மலைக்கோட்டைப் படத்தை மேலே போட்டுவிடுவார்கள். "அந்த மலைதான் எங்கிருந்து பாத்தாலும் தெரியுதே, பாக்கெட்ல வேற எதுக்கு?" என்று கேட்பாள். வாரப் பத்திரிகை வந்தால் எல்லோரும் தொடர்கதையைத் தேடிக்கொண்டு போவார்கள். அவள் பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "கதைய யாரும் படிச்சிரக்கூடாதுன்னு படத்துக்கு மேலயே எழுத்த ஏத்தி வச்சிருக்கான்" என்று மூடி வைப்பாள். அவள் சொன்ன பிறகு நமக்கும் அது கண்ணில் உறுத்தத் தொடங்கிவிடும். தொல்லை அதுதான்.

மாமனார் வீட்டின் முன்பகுதியில்தான் அவருடைய அச்சகம் இருந்தது. பின்பகுதி குடித்தனம். நடுவே அடுக்களைக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு சின்ன அறை ஒதுக்கி, கம்ப்யூட்டரை வைத்துக் கொடுத்தார் மாமனார். வீட்டில் யார் தண்ணீர் குடிக்கப் போனாலும் என் திரையைத் தாண்டித்தான் போக வேண்டும். மற்றவர்கள் தாண்டிப் போனார்கள். அவள் நின்றாள். டீ டம்ளரோடு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டால், சுடுதண்ணீர்ப் பானை பக்கத்தில் இருப்பதுபோல முதுகு காய ஆரம்பிக்கும். செத்த நேரம் பேச மாட்டாள். அந்த மௌனத்தில் நானே என் வேலையை அவள் கண்ணால் பார்த்து, இதைக் கொஞ்சம் நகர்த்தலாமோ, அதை எடுத்துவிடலாமோ என்று தடுமாறிக்கொண்டிருப்பேன். பிறகு வாயைத் திறப்பாள். நான் நகர்த்தாததைத்தான் சொல்வாள்.

கோழி மசாலா டப்பா ஒன்று நினைவிருக்கிறது. புதிதாகத் தொழில் தொடங்கியவர் ஒருவருக்காகப் போட்டது. கம்பீரமான நாட்டுச் சேவல் ஒன்றை நடுவில் நிறுத்தி, கொண்டையில் சிவப்பைக் கொட்டி, பின்னால் சூரிய ஒளி விரிகிற மாதிரி செய்திருந்தேன். உரிமையாளர் வந்து பார்த்து, "சேவல் உயிரோட நிக்குது மேடம்" என்று மகிழ்ந்துகொண்டிருந்தார். டீ கொண்டுவந்த நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "அதான் கஷ்டம். அது நம்மளயே பாக்குது. இதப் பாத்துக்கிட்டே எப்படிக் கொழம்பு வைக்கிறது?" என்றாள். அந்த மனிதர் டப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அதன்பிறகு அவருக்கும் சேவலின் கண்தான் தெரிந்தது போலிருக்கிறது. ஒரு சட்டிக் குழம்புப் படத்தைப் போட்டுத் தரச் சொல்லிவிட்டுப் போனார். ஊரிலுள்ள அத்தனை மசாலாவிலும் சேவல்தான் நிற்கிறது, எனக்கு மட்டும் என்ன சட்டம் என்று அவளிடம் சண்டைக்குப் போனேன். "மத்தவுங்க போட்டா எனக்கென்ன மதினி, இது நீங்க போட்டது" என்றாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, குத்தலாக எடுத்துக்கொள்வதா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. குத்தலாகவே எடுத்துக்கொண்டேன்.

அவள் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பூட்டு டப்பா ஒன்றுக்கு நான் மஞ்சளும் சிவப்புமாக நிறம் கொடுத்தபோது, கண்ணைக் குத்துகிறது, மாற்றுங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பூட்டுப் பட்டறைக்காரர் வந்து, சரக்கு போகும் ஊர்களில் குடோன் இருட்டில் மூட்டை பிரிக்கிறவர்கள் எழுத்தைப் படிக்க மாட்டார்கள், நிறத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள் என்று விளக்கினார். "அப்பச் சரி. நான் சொன்னதுதான் தப்பு" என்று அடுத்த நொடியே சொல்லிவிட்டுப் போனாள். தோற்றுப்போன முகம்கூட இல்லை. அவளுடைய தவறு ஒன்றையாவது பிடித்து நாலு நாள் குத்திக்காட்டலாம் என்றால், அதற்கும் இடம் வைக்காத பிறவி.

நாங்கள் போகும் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் மாத இதழும் எங்கள் அச்சகத்தில்தான் அச்சானது. பக்கங்களை நான்தான் அமைப்பேன். ஒரு மாதம் இறந்தவர்களுக்கான நினைவு அஞ்சலிப் பக்கத்தில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அங்கே ஒரு பிரியாணிக் கடை விளம்பரத்தைச் சேர்த்து இடத்தை நிரப்பினேன். ஞாயிறு திருப்பலி முடிந்து எல்லோரும் இதழை வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பங்குச் சாமியார் இருக்கும்போதே, "சாமி, இதப் படிச்சா அவுக செத்ததுக்கு இவுக சந்தோஷமா பிரியாணி போடுற மாதிரி இருக்கு" என்றாள். பங்குச் சாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தப் பக்கத்தில் இருந்த ஒருவரின் மகன் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த இதழைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார். அந்த வாரம் முழுக்க நான் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. வீட்டில் மாமியார், "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாக, இவள எவன் கட்டுவான்" என்று புலம்பினார். மாமனார் மட்டும் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி, "வாயுள்ள புள்ள பொழைக்கும் விடுடி" என்பார். அவருக்கு மகள் வாய் மேல் ஒரு ரகசியப் பெருமை. அந்த வீட்டில் அவள் அவ்வளவு பேசியதற்கு அந்த நாற்காலிதான் காரணம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கிறிஸ்துமஸ் குடில் விஷயம் ஊரே அறிந்தது. அந்த வருடம் இளைஞர்கள் வைக்கோலும் தெர்மோகோலும் மோட்டாரும் வைத்துப் பெரிதாகச் செய்திருந்தார்கள். வாசலில் ஒரு சுவிட்ச். பார்க்க வருகிறவர் அதை அமுக்கினால் கம்பி வழியே நட்சத்திரம் ஓடும், சம்மனசு, அதாவது தேவதூதர் பொம்மை, நூலில் இறங்கும், திரை விலகும், குழந்தை இயேசு தெரிவார், கேசட்டில் பாட்டு கேட்கும். சுவிட்சை அமுக்க நீண்ட வரிசை நின்றது. எல்லோரும் வியந்து நிற்கும்போது இவள், "அமுக்குறவுங்க எல்லாம் சுவிட்சத்தான் பாக்குறாங்க. கொழந்தைய யாரும் பாக்கல. அந்த சுவிட்ச தொட்டில் பக்கத்துல வச்சிருந்தா அமுக்குறதுக்காச்சும் குனிஞ்சிருப்பாங்க, கும்பிட்ட மாதிரியும் இருந்திருக்கும்" என்றாள். இரவு பகலாகக் கண்விழித்துச் செய்த பையன்களின் முகம் சுண்டிப்போனது. "ஒங்களால ஒரு வைக்கோலாச்சும் எடுத்து வைக்க முடிஞ்சுச்சாக்கா?" என்று ஒருவன் கேட்டான். வரிசையில் நின்ற ஒரு பெண், "பொட்டப்புள்ளைக்கு இம்புட்டு வாய் ஆகாது தாயி" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னாள். நான் நாத்தனார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எனக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று ஒலிபெருக்கியில் அறிவிக்க முடிந்தால் அறிவித்திருப்பேன். அடுத்த வருடம் சுவிட்சைத் தொட்டில் பக்கத்தில்தான் வைத்தார்கள். குனிந்த பிள்ளைகள் குடிலின் ஆட்டுக்குட்டிப் பொம்மைகளைத் தட்டிவிட்டது வேறு கதை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். அவள் வாயால் ஒருமுறை 'நல்லா இருக்கு' என்று கேட்டுவிட வேண்டும் என்பது எனக்கு ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. ஊரில் என் வேலைக்கு நல்ல பெயர் இருந்தது. மதுரையிலிருந்துகூட ஆட்கள் தேடி வந்தார்கள். அவர்கள் சொல்லும் "சூப்பர் மேடம்" எதுவும் என் காதில் தங்கவில்லை. ஒரு லேபிளை முடித்தவுடன் எனக்குத் தோன்றும் முதல் கேள்வி, இதற்கு அவள் என்ன சொல்வாள் என்பதுதான். அவளிடமிருந்து அதிகபட்சமாக வந்த சொல் "பரவால்ல மதினி." அதுவும் ஒரு ஓமத் தண்ணீர் பாட்டில் லேபிளுக்கு. ஒரே நிறம், பெரிய எழுத்து, வேறொன்றும் இல்லை. அந்தப் பரவாயில்லையை நான் பல நாட்கள் மனசுக்குள் வைத்து வைத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன். அவளை எனக்குப் பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே அவளுக்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தேன்.

ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கம், தொப்பம்பட்டி வட்டாரத்திலிருந்து வரன் வந்தது. பெண் பார்க்க வரும் அன்று காலையிலிருந்து மாமியார் அவளிடம் ஒரே மந்திரத்தை ஓதிக்கொண்டிருந்தார்: "வாயத் தொறக்காத." அவர்கள் கொண்டுவந்த இனிப்புப் பெட்டியை அவள் ஒரு பார்வை பார்த்தாள், மாமியார் அவசரமாகக் கண்ணைக் காட்டினார். பெட்டியின் மூடியில் லட்டும் ஜாங்கிரியும் மயிலும் தாமரையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. அவள் பெட்டியை வாங்கி, மூடியைத் திருப்பி அடியில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். "நல்ல அமைதியான புள்ளைங்க. எங்களுக்குப் புடிச்சுப் போச்சுங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சிரிப்பை அடக்கிக்கொண்டோம். கல்யாணம் நடந்தது. அவள் போன பிறகு என் முதுகு காய்வது நின்றது. கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தது. பிறகு வேலை சப்பென்று ஆகிவிட்டது. எதைச் செய்தாலும் முடிந்துவிட்டது என்று தெரியவில்லை, எப்போதும் யாரோ வந்து நிற்க வேண்டியது பாக்கி இருப்பது போலவே இருந்தது.

மாமனார் இறந்தார். அச்சகம் என் கணவர் கைக்கு வந்தது. அதற்கு ஒன்றிரண்டு வருடங்களுக்குப் பிறகு நாத்தனார் மகளோடு திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாள், அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை எழுத எனக்கு உரிமையில்லை. அங்கே இருக்க முடியாமல்தான் வந்தாள் என்பது மட்டும் போதும். எங்கள் வீட்டில் யாரும் அவளை வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்கட்டில் ஒரு அறை கொடுத்தோம். மகளைப் பள்ளியில் சேர்த்தோம். அவள் விடியுமுன் எழுந்து அடுக்களையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். "நீங்க போயி ஒங்க வேலையப் பாருங்க மதினி" என்பாள். நான் போய்ப் பார்த்தேன்.

வந்த புதிதில் ஒருநாள் இனிப்புக் கடைக்காரர் ஒருவர் தன் புதிய பெட்டியின் மாதிரியைப் பார்க்க வந்திருந்தார். நான் வெள்ளையில் பச்சைக் கோடு இழுத்து, சுத்தமாக இருக்கட்டும் என்று செய்திருந்தேன். டீ கொண்டுவந்தவள் பழைய பழக்கத்தில் எட்டிப் பார்த்து, "இது ஸ்வீட்டு டப்பாவா, மருந்து டப்பாவா மதினி?" என்று கேட்டுவிட்டாள். கடைக்காரர் யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து போனார். என் கணவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளும் பதிலுக்குப் போட்டிருப்பாளோ என்னவோ. குரலைத் தாழ்த்தி, "இது அப்பா காலம் இல்ல. நாலு பேரு வந்து போற எடம். வந்த எடத்துல வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். அந்த வீட்டுக்கு வந்தவள் நான். அவள் அங்கே பிறந்தவள். 'வந்த இடம்' என்ற சொல் யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று நினைத்தால் இன்றும் எனக்கு முகம் எரிகிறது. அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் முதுகு அதன்பின் ஒருநாளும் காயவில்லை.

சில மாதங்கள் கழித்து எங்கள் அச்சகத்துக்கென்று ஒரு இணையதளம் தொடங்கினோம். அப்போது அது பெரிய மோகம். நானே ராப்பகலாக உட்கார்ந்து செய்தேன். தளத்தைத் திறந்ததும் இரண்டு கோட்டைக் கதவுகள் விலகும், அச்சு இயந்திரம் ஓடும் சத்தம் கேட்கும், எங்கள் பெயரின் எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்துவந்து உட்காரும். மவுஸை நகர்த்தினால் பின்னாலேயே பூக்கள் உதிரும். அடியில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்துப் பிரவுசிங் சென்டர்களில் அந்தக் கதவு திறப்பதற்குள் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். தொலைபேசி எண் எங்கோ ஒரு மூலையில் இருந்தது. எனக்கே உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. இருந்தும் அவளை வலியக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முழுக்கப் பார்த்தாள். "நல்லா இருக்கு மதினி" என்றாள். "ரொம்ப நல்லா இருக்கு."

நான் சந்தோஷப்பட்டேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அன்று சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன், என் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவளே நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டாள் என்றேன். எத்தனை வருடக் காத்திருப்பு! பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நடந்துகொண்டேன். அடுத்த வாரம் ஒரு ஊறுகாய் லேபிளைக் காட்டினேன். நல்லா இருக்கு மதினி. ஒரு ஜவுளிக்கடைப் பை. நல்லா இருக்கு மதினி. ஒரு பள்ளி ஆண்டு மலரின் அட்டை, அதில் தலைமையாசிரியர் படத்துக்கு மேல் தவறுதலாக ஒரு நிழல் விழுந்து மீசை முளைத்ததுபோல் இருந்தது. அந்தத் தலைமையாசிரியர் ஒரு பெண். அதைப் பார்த்தும், நல்லா இருக்கு மதினி என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். அந்த மீசையை அவள் பார்க்கவில்லை என்று நம்ப என்னால் முடியவில்லை. கண் போகவில்லை அவளுக்கு. கண்ணுக்கும் வாய்க்கும் நடுவில் எங்கள் வீடு உட்கார்ந்திருந்தது. நான் அத்தனை வருடம் ஏங்கிய சொல்லை அவள் சோற்றுக்கு ஈடாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது அவள் மகளுக்கு வேலை கிடைத்து இருவரும் வேறு ஊரில் இருக்கிறார்கள். யாருடைய தயவும் அவர்களுக்குத் தேவையில்லை. நான் ஏதாவது டிசைனைப் போனில் அனுப்பினால் உடனே பதில் வந்துவிடும். சூப்பர் மதினி. கூடவே கைகூப்பிய படம் ஒன்று. எங்கள் அச்சகத்தில் வேலை பார்க்கும் இளம்பெண்கள் தங்கள் வேலையைக் கொண்டுவந்து எப்படி இருக்கு மேடம் என்று நிற்கும்போது, நான் சொல்லும் குறையை அவர்கள் முகம் சுளித்துக்கொண்டு கேட்கிறார்கள். என் முன்னால் முகம் சுளிக்க முடிகிறதே என்று எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ஆனாலும் ஒரு நாளை மட்டும் என்னால் தாண்ட முடியவில்லை.

அவர்கள் எங்கள் வீட்டில் இருந்தபோது நாத்தனார் மகளுக்குப் புதுநன்மை வந்தது. முதல்முறையாக நற்கருணை வாங்கும் நாள் என்பதால் எங்களில் அதைச் சின்னக் கல்யாணம் போலவே கொண்டாடுவார்கள். அழைப்பிதழ் நம் வீட்டிலேயே அடிக்கலாம் என்றோம். கோடைகாலம், கல்யாண வேலைகள் குவிந்து கிடந்தன. நான் வேறொரு பிள்ளைக்குப் போட்டிருந்த பழைய அட்டையையே எடுத்து, படத்தையும் பெயரையும் மாற்றினேன். "காசு வாங்காம அடிக்கிறோம், நம்ம விளம்பரமும் கொஞ்சம் வரட்டுமே" என்றார் என் கணவர். அச்சகத்தின் பெயர், கட்டடத்தின் படம், இணையதள முகவரி எல்லாவற்றையும் பல நிறங்களில் கீழே சேர்த்தேன். பிள்ளையின் படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிட்டது. சுருங்கியதைப் பார்த்தேன், பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். அடுக்களைக்கு எடுத்துக்கொண்டு போனேன். நாத்தனார் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மகள் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா இருக்கு மதினி" என்றாள் நாத்தனார், மாவுக் கை படாமல் எட்டிப் பார்த்து. "இதுக்குப் போயி எங்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க?"

சிறுமி அட்டையை என் கையிலிருந்து வாங்கினாள். கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தாள். "அத்தை, யாருக்குப் புதுநன்மை? எனக்கா, நம்ம பிரஸ்ஸுக்கா?" என்று கேட்டாள்.

நாத்தனாரின் மாவுக் கை போய் அவள் வாயை அடைத்தது. அடிக்கவில்லை. அடைத்தாள். "வாய மூடு. அத்தை எம்புட்டு மெனக்கெட்டுப் போட்டிருக்காங்க. நல்லா இருக்குன்னு சொல்லு." சிறுமி உதட்டில் மாவோடு அம்மாவைப் பார்த்தாள். "சொல்லு புள்ள." சிறுமி மெதுவாக, "நல்லா இருக்கு அத்தை" என்றாள்.

"ஏ புள்ள, அவ கேட்டதுதான் சரி. நீயாச்சும் சொல்லேன், இதுல எத மாத்தணும்?" என்று நான் நாத்தனாரிடம் கெஞ்சினேன். கெஞ்சினேன் என்பதுதான் சரியான சொல். அவள் பதறிப்போனாள். "ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் வேணாம் மதினி. சின்னப் புள்ள, ஏதோ தெரியாமச் சொல்லிருச்சு. நீங்க மனசுல வச்சுக்காதீங்க." அவள் முகத்தில் இருந்தது பயம். என்னைப் பார்த்துத்தான் பயம். என் கல்யாணத்துக்கு மறுநாள் அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில் என் பத்திரிகையைப் பிரித்துப் போட்டவள், என் முன்னால் ஒரு அட்டைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

மறுநாள் எல்லா வேலையையும் ஒதுக்கிவிட்டு வேறொரு அட்டை செய்தேன். அச்சகத்தின் பெயரை முழுக்க எடுத்துவிட்டேன். பிள்ளையின் படம், பெயர், நாள், நேரம், கோயில். என் வாழ்நாளில் நான் செய்த நல்ல வேலைகளில் அது ஒன்று என்று இப்போதும் சொல்வேன். அதைக் கொண்டுபோய் இருவரிடமும் காட்டினேன். நாத்தனார் பார்த்தாள். "நல்லா இருக்கு மதினி" என்றாள், நேற்றைய அதே குரலில். பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த சிறுமி நிமிர்ந்தாள். அட்டையைக் கையில் வாங்கவில்லை. "நல்லா இருக்கு அத்தை" என்று சொல்லிவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினாள். இந்த முறை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.